பைன் காட்டுக் கூலிகள்
முகாம்களின் வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்

(தொழிற்சங்க வகுப்பில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

தோழர்களே!

சென்ற வகுப்பு முடிந்து கலையும் நேரத்தில் ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "மில் தொழிலாளிக்கு ஒரே வாசல், ஒரே சங்கு. அவனைச் சங்கத்தில் சேர்த்துவிடலாம். நடவுக்கு ஓர் ஊர், அறுப்புக்கு ஓர் ஊர் என்று அலைகிறவனை எங்கே பிடித்து எந்தச் சங்கத்தில் சேர்ப்பது?" என்றார். நின்ற நிலையில் அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நம் எல்லோரையும் விட மோசமாகச் சிதறிக் கிடந்த ஒரு கூட்டத்தின் வரலாற்றை இன்று சொல்கிறேன். அமெரிக்காவின் வடபகுதிப் பைன் காடுகளில் மரம் வெட்டியவர்களின் வரலாறு அது. பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

காடு யாருடையது?

அமெரிக்காவின் வடக்கு எல்லையில், பெரிய ஏரிகளை ஒட்டி, மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா என்று மூன்று மாநிலங்கள் உள்ளன. அங்கே வெள்ளைப் பைன் என்ற மரம் கோயில் கோபுரம் போல் ஓங்கி நின்றது. நூற்றைம்பது அடி உயரம். இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத அடிமரம். இருநூறு, முந்நூறு வயது. இந்த மரத்துக்கு இரண்டு குணம் உண்டு. அறுக்க மெத்தென்று இருக்கும், தண்ணீரில் மிதக்கும். சாலையும் ரயிலும் இல்லாத காட்டிலிருந்து ஆறே இலவசமாகச் சுமந்துவந்து ஆலை வாசலில் இறக்கிவிடும். முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் காட்டுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஒஜிப்வே என்ற ஆதிக்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி, மீன் பிடித்து, ஏரியில் விளையும் காட்டு அரிசியை அறுத்து வாழ்ந்தார்கள். 1837ம் ஆண்டு அமெரிக்க சர்க்கார் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் எழுதி, மிசிசிப்பி, செயின்ட் குரோய் ஆறுகளுக்கு இடைப்பட்ட பெரும் நிலப்பரப்பை வாங்கிக்கொண்டது. பைன் மரத்துக்காகவே எழுதப்பட்டதால் அதற்கு 'வெள்ளைப் பைன் ஒப்பந்தம்' என்றே பெயர் வந்தது. வேட்டைக்கும் மீனுக்கும் உள்ள உரிமை அந்த மக்களுக்குத் தொடரும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வாக்கு செல்லும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 1999ம் ஆண்டில்! நூற்றறுபத்திரண்டு வருஷம் கழித்து!

எஞ்சிய நிலத்திலும் கம்பெனிகள் விடவில்லை. ஆதிக்குடிகளின் நிலத்தில் பட்டுப்போன மரத்தையும் விழுந்த மரத்தையும் மட்டும் வெட்டலாம் என்று 1889ல் ஒரு சட்டம் வந்தது. உடனே என்ன நடந்தது? பச்சை மரத்தின் அடியில் தீ வைத்தார்கள். கருகியதும் "பட்ட மரம்" என்று கணக்கெழுதி அடிமாட்டு விலைக்கு எடுத்தார்கள். இந்த மோசடியும் சேர்ந்து மூட்டிய கோபத்தால்தான் 1898 அக்டோபர் 5ந் தேதி மின்னசோட்டாவின் லீச் ஏரிக் கரையில் ஒஜிப்வே மக்களுக்கும் ராணுவத்துக்கும் சண்டை மூண்டது. ஒரு மேஜரும் சில சிப்பாய்களும் மாண்டார்கள். தொழிலாளி வெட்டிய மரம் முதலில் இன்னொருவனிடமிருந்து பறிக்கப்பட்ட மரம். இதை மறந்து அந்தக் கதையைச் சொல்வது முறையல்ல.

முகாம் வாழ்க்கை

முகாமுக்குக் கூலியாக வந்தவன் யார்? முதலில் கிழக்கே மெய்ன் மாநிலத்தில் மரம் வெட்டிப் பழகியவனும் கனடாக்காரனும் வந்தார்கள். பிறகு ஐரிஷ்காரன், ஜெர்மானியன், ஸ்வீடன்காரன், நார்வேக்காரன், போலந்துக்காரன், பின்லாந்துக்காரன். பாதிப் பேர் சிறு விவசாயிகள். கோடையில் தன் துண்டு நிலத்தில் பாடுபடுவான். அது சோறு போடாது. ஆகவே பனி விழுந்ததும் மனைவி மக்களிடம் மாட்டையும் வீட்டையும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போவான். நவம்பரில் போனால் மார்ச்சில்தான் திரும்புவான்.

ஒரு முகாமில் எழுபது முதல் நூறு பேர். வெட்டிய மரத்தையே அடுக்கிக் கட்டிய நீண்ட கொட்டகை. நடுவில் ஒரு கணப்பு அடுப்பு. இரு சுவரிலும் இரண்டு அடுக்காகப் படுக்கைப் பலகை. பக்கவாட்டில் ஏறிப் படுக்க இடமிருக்காது. கால்மாட்டிலிருந்து தலையை உள்ளே நுழைத்து ஊர்ந்து போக வேண்டும். பீரங்கிக் குழாயில் குண்டைத் திணிப்பது போல! ஒரு படுக்கையில் இரண்டு பேர். மெத்தை வைக்கோல். போர்வையில் பேன். குளிக்க வசதி கிடையாது. நூறு பேரின் ஈரக் காலுறைகளை அடுப்பைச் சுற்றிக் கயிற்றில் காயப்போட்டிருப்பார்கள். அந்த ஆவியை மூச்சிழுத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுப்புவார்கள். இருட்டோடு காட்டுக்குள் நடந்தால் இருட்டியபின்தான் திரும்புவது. ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாடு வயிறு நிறையக் கிடைத்தது. மொச்சை, உப்புக் கண்டம், ரொட்டி, தேநீர். முதலாளிக்கு இரக்கம் என்று எண்ணிவிடாதீர்கள்! சோறு சரியில்லை என்றால் ஆள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்து முகாமுக்கு நடந்துவிடுவான். ஆனால் சாப்பிடும்போது பேசக் கூடாது. அது முகாமின் விதி. நூறு பேர் வாய் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தின்று எழ வேண்டும். பேசினால் சண்டை வரும் என்றார்கள். நேரம் வீணாகும் என்றார்கள். ஒருவன் குறையை இன்னொருவன் கேட்க இருந்த நேரமும் அதோடு போயிற்று.

கூலி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாதம் இருபது, முப்பது டாலர். அதுவும் பெரும்பாலும் பருவம் முடிந்த பிறகுதான். இடையில் வேண்டிய புகையிலை, காலுறை, கையுறை எல்லாம் முகாமிலுள்ள கம்பெனிக் கடையில். கணக்கும் கம்பெனி கையில். நடுவில் விலகினால் பணத்துக்குப் பதில் ஒரு சீட்டு. உடனே காசாக்க வேண்டுமென்றால் வட்டம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வேலைக்குச் சேர்த்துவிடும் தரகனுக்கும் தொழிலாளியே காசு கட்ட வேண்டும். இந்தப் பிடித்தங்களின் பெயர்தான் நமக்குப் புதிது. பிடிப்பவனின் கை புதிதல்ல.

கோடரியிலிருந்து ரம்பம் வரை

வேலை எப்படி நடந்தது என்று மில் தோழர்கள் கேட்க விரும்புவார்கள். முதலில் கோடரியால் வெட்டினார்கள். 1870களுக்குப் பிறகு இருவர் இழுக்கும் நீண்ட ரம்பம் வந்தது. சாய்த்த மரத்தைத் துண்டுபோட்டு, ஒவ்வொரு கட்டையின் முனையிலும் கம்பெனியின் முத்திரையைச் சுத்தியலால் அடிப்பார்கள். மாட்டுக்குச் சூடு போடுவது போல. ஆற்றில் ஆயிரம் கம்பெனிக் கட்டை கலந்து வந்தாலும் யாருடையது என்று தெரிய வேண்டுமே!

கட்டைகளை ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்வது பனிச் சறுக்கு வண்டி. இதற்காகப் பாதையையே ஐஸ் ஆக்கினார்கள். இரவெல்லாம் ஒரு தொழிலாளி பெரிய மரத்தொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டு சறுக்கு வண்டித் தடத்தில் தண்ணீர் விடுவான். அது உறைந்து கண்ணாடி போலாகும். அதன்மேல் இரண்டு குதிரை மலை போன்ற பாரத்தை இழுக்கும். இறக்கம் வந்தால் ஆபத்து. அங்கே வைக்கோலையோ மணலையோ தூவி வேகத்தைக் குறைக்க ஓர் ஆள் நிற்பான். அவன் ஒரு கை குறைவாகத் தூவினால், மேலே உட்கார்ந்திருக்கும் வண்டிக்காரனும் குதிரைகளும் கட்டைகளுக்கு அடியில்.

ஏப்ரலில் பனி உருகி ஆறு பெருகும். கட்டைகளை ஆற்றில் தள்ளிவிட்டு, கூடவே ஓட்டிச் செல்ல வேண்டும். ஆணி அடித்த பூட்ஸோடு, உருளும் கட்டைமேல் நின்று, இடுப்பளவு பனித்தண்ணீரில் நாளெல்லாம் வேலை. கட்டையைப் புரட்ட ஒரு கொக்கிக் கழி உண்டு. 1850களில் மெய்ன் மாநிலத்தின் ஜோசப் பீவி என்ற கொல்லர் செய்தது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். எங்காவது ஒரு கட்டை குறுக்கே மாட்டினால் பின்னால் வருவதெல்லாம் குவிந்து அணையாகிவிடும். 1886ல் செயின்ட் குரோய் ஆற்றில் டெய்லர்ஸ் பால்ஸ் அருகே அப்படிக் குவிந்த கட்டைகளைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. அடைத்த கட்டையை நெம்பி எடுக்க உள்ளே இறங்குகிறவனுக்கு அது உயிர்.

காடு சாம்பலானது

வெட்டியபின் கிளையும் இலையும் பட்டையும் அப்படியே காட்டில் கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்த முதலாளி ஒரு டாலர் செலவழிக்க மாட்டான். கோடையில் காய்ந்து வெடிமருந்து ஆயிற்று. 1871 அக்டோபர் 8ந் தேதி விஸ்கான்சினில் பெஷ்டிகோ என்ற மர ஆலை ஊர் ஒரே இரவில் எரிந்தது. அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலுமாகக் குறைந்தது 1,200 பேர் மாண்டார்கள். 2,500 வரை இருக்கும் என்ற கணக்கும் உண்டு. அடையாளம் காண ஆளில்லாத சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். பெயர் சொல்லக்கூட யாரும் மிஞ்சவில்லை! அதே இரவில் சிகாகோ நகரமும் எரிந்தது. அங்கே சுமார் 300 பேர் இறந்தார்கள். உலகம் முழுவதும் சிகாகோவைத் தெரியும், பெஷ்டிகோவைத் தெரியாது. சிகாகோவில் எரிந்தது கடையும் மாளிகையும். பெஷ்டிகோவில் எரிந்தது கூலிக்காரன். சிகாகோவைத் திரும்பக் கட்டவும் இந்தக் காடுகளிலிருந்தே பலகை போயிற்று.

1894 செப்டம்பர் 1ந் தேதி மின்னசோட்டாவில் ஹிங்க்லி ஊர் எரிந்தது. சர்க்கார் கணக்கில் மட்டும் 418 பேர். 1918 அக்டோபரில் குளோக்கே வட்டாரத்தில் 453 பேர். மழையில்லை, காற்று அடித்தது என்று இயற்கைமேல் பழி போட்டார்கள். மழை பொய்த்தது உண்மை. விறகை அடுக்கி வைத்தது யார்?

பத்து மணி நேரம்!

இனிப் போராட்டத்துக்கு வருகிறேன்.

மிச்சிகனின் சாகினா ஆற்றங்கரையில் மர அறுவை ஆலைகள் வரிசையாக நின்றன. தினம் பதினோரு மணி நேர வேலை. 1885ல் கூலியையும் குறைத்தார்கள். அந்த ஆண்டு மாநிலச் சட்டசபை பத்து மணி நேர வேலைச் சட்டம் நிறைவேற்றியது. அதற்காக உழைத்தவர் தாமஸ் பாரி. தொழிலாளர் தலைவர், சட்டசபை உறுப்பினர். ஆனால் சட்டம் செப்டம்பரில்தான் அமலுக்கு வரும் என்றார்கள். தொழிலாளியிடம் தனியாக ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டால் அதிக நேரம் வேலை வாங்கலாம் என்ற ஓட்டையும் வைத்தார்கள்.

தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. ஜூலை 6ந் தேதி பே சிட்டி நகரில் வேலையை நிறுத்தினார்கள். "பத்து மணி நேரம், இல்லையேல் மரத்தூள் இல்லை!" இதுதான் கோஷம். ஆலை ஆலையாக ஊர்வலம் போய் நிறுத்தினார்கள். சில நாளில் ஆறு நெடுக ரம்பச் சத்தம் அடங்கிவிட்டது. முதலாளிகள் பிங்கர்ட்டன் கம்பெனியின் கூலிப் படையை இறக்கினார்கள். கவர்னர் நேரில் வந்தார். மாநிலப் படையும் வந்தது. அந்தக் கவர்னர் யார்? ரஸ்ஸல் ஆல்ஜர். அவரே பெரிய மர முதலாளி! சர்க்கார் என்பது முதலாளி வர்க்கத்தின் காரியக் கமிட்டி என்று நாம் படிக்கிறோமே, அங்கே அதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, கண்ணால் பார்த்தார்கள். பாரியைக் கைது செய்து வழக்குப் போட்டார்கள்.

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார்கள். முடிவில் சில ஆலைகளில் பத்து மணி நேரம் கிடைத்தது, கூலிக் குறைப்போடு. மற்றவற்றில் பழைய நிலையிலேயே திரும்பினார்கள். ஏன்? பட்டினியும் படையும் காரணம். இன்னொரு காரணத்தையும் நாம் கவனிக்க வேண்டும். ஜூலை மாதத்தில் காட்டு முகாமில் ஆள் இல்லை. மரம் வெட்டுகிறவன் தன் நிலத்துக்கோ வேறு வேலைக்கோ சிதறிப் போயிருந்தான். ஆலைத் தொழிலாளி தனியாக நின்றான். முதலாளி ஒருவனேதான், காட்டுக்கும் ஆற்றுக்கும் ஆலைக்கும் சொந்தக்காரன். தொழிலாளிதான் இரண்டு துண்டாகக் கிடந்தான்.

காடும் ஆலையும் சேர்ந்த நாள்

முப்பது ஆண்டு கழிந்தது. மின்னசோட்டாவின் வர்ஜீனியா நகரில் வர்ஜீனியா–ரெய்னி ஏரிக் கம்பெனி என்று ஒரு ராட்சத ஆலை. அதில் வேயர்ஹாயிசர் குடும்பத்தின் முதலீடும் இருந்தது. 1916 கோடையில் பக்கத்து இரும்புச் சுரங்கங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை நடத்திய 'உலகத் தொழிலுழைப்பாளர்' சங்கம், ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்பார்கள், மரத் தொழிலாளரிடமும் வந்தது. டிசம்பர் 28ந் தேதி ஆலைத் தொழிலாளர் வெளியேறினார்கள். வருஷம் பிறந்ததும், 1917 ஜனவரியில், காட்டு முகாம்களும் காலியாகத் தொடங்கின. உறைபனியில், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகாம் முகாமாகத் தொழிலாளர் நடந்து வந்தார்கள்.

என்ன கேட்டார்கள்? கூலி உயர்வு, ஒன்பது மணி நேர வேலை, சுத்தமான படுக்கை, குளிக்க வசதி. ராஜ்யத்தைக் கேட்கவில்லை, தோழர்களே. பேன் இல்லாத போர்வையைக் கேட்டார்கள்! அதற்குக் கிடைத்தது போலீஸ், கைது, ஊரைவிட்டு வெளியேறும்படி உத்தரவு. ஒரு மாதத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது. ஏப்ரலில் மாநிலச் சட்டசபை இந்தச் சங்கத்தை ஒடுக்கவே தனிச் சட்டம் போட்டது. ஆயினும் பாருங்கள்: தோற்ற வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கம்பெனி தானாகவே கூலியை உயர்த்தியது, முகாமைச் சீர்படுத்தியது. காடும் ஆலையும் சேர்ந்து எழுந்ததை ஒருமுறை பார்த்த முதலாளிக்கு மறுமுறை பார்க்கத் துணிவில்லை.

இதற்குள் பைன் காடு தீர்ந்துகொண்டிருந்தது. பிரெடரிக் வேயர்ஹாயிசர் 1900ம் ஆண்டே மேற்குக் கடற்கரை வாஷிங்டன் மாநிலத்தில் ஒன்பது லட்சம் ஏக்கர் காட்டை ஏக்கர் ஆறு டாலருக்கு ரயில்வே கம்பெனியிடமிருந்து வாங்கிவிட்டார். கூலிகளும் பின்னால் போனார்கள். அங்கே 1917 கோடையில் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடக்குமுறை முற்றியதும் வேலைக்குத் திரும்பி, எட்டு மணி நேரம் ஆனதும் கருவியைக் கீழே போட்டார்கள். யுத்த காலம், விமானம் செய்ய மரம் வேண்டும். 1918 மார்ச் 1 முதல் எட்டு மணி நேர வேலை வந்தது. சர்க்கார் தந்த வரம் என்று பறைசாற்றினார்கள். தொழிலாளிக்கு உண்மை தெரியும். அந்த ஆண்டு மே தினத்தன்று, காலமெல்லாம் முதுகில் சுமந்து திரிந்த பேன் பிடித்த படுக்கை மூட்டைகளைப் பல முகாம்களில் குவித்துத் தீ வைத்தார்கள். இனி படுக்கை தருவது முதலாளியின் கடமை என்று அதற்குப் பொருள்.

அந்தச் சங்கத்தின் தியாகத்துக்குத் தலை வணங்குகிறோம். அவர்கள் குறையையும் சொல்ல வேண்டும். முதலாளியோடு எழுத்து ஒப்பந்தம் செய்வதே தவறு என்பது அவர்கள் கொள்கை. அலை எழும்போது ஆயிரக்கணக்கானவர் சேர்ந்தார்கள். அலை இறங்கியதும் பிடித்து நிறுத்த ஸ்தாபனம் இல்லை.

அந்த வேலையைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள். பின்லாந்துத் தொழிலாளர்கள் ஊருக்கு ஊர் மன்றம் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே கூட்டம், நாடகம், படிப்பகம். விஸ்கான்சினின் சுப்பீரியர் நகரிலிருந்து 'துயோமீஸ்' என்ற பத்திரிகை வந்தது. 'தொழிலாளி' என்று அர்த்தம். முகாம் கலைந்தாலும் மன்றம் கலையவில்லை, பத்திரிகை நிற்கவில்லை. 1937 ஜனவரியில், குளிர்காலத்தின் நடுவில், வேலை மும்முரமான சமயம் பார்த்து, மின்னசோட்டாக் காட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்யூனிஸ்டுகள் அதில் முன்னின்று உழைத்தார்கள். அப்போது கவர்னர் விவசாயி–தொழிலாளி கட்சியின் எல்மர் பென்சன். 1885ல் கவர்னரோடு வந்தது துப்பாக்கி. 1937ல் வேலைநிறுத்தக்காரருக்கு வந்தது நிவாரண உணவு. கம்பெனிகள் சங்கத்தோடு பேச வேண்டியதாயிற்று.

மிஞ்சியது என்ன?

வர்ஜீனியா ஆலை 1929 அக்டோபரில் மூடப்பட்டது. மரம் தீர்ந்தது, வேலையும் தீர்ந்தது. மொட்டையடித்த நிலத்தைக் கம்பெனிகள் "நல்ல விளைநிலம்" என்று விளம்பரம் செய்து ஏழைகளுக்கு விற்றன. அடிமரக் கட்டையைத் தோண்டித் தோண்டி முதுகு ஒடிந்ததுதான் மிச்சம். 1930களில் வரி கட்ட முடியாமல் ஆயிரமாயிரம் பேர் நிலத்தை விட்டுப் போனார்கள்.

கம்பெனிகள் இன்னொன்றையும் விட்டுச் சென்றன. ஒரு கதை. பால் பன்யன் என்று ஒரு மரவெட்டி அரக்கன். அவனுக்கு ஒரு நீலக் காளை. ஒரே வீச்சில் காட்டைச் சாய்ப்பான். முகாமில் தொழிலாளர் பொழுதுபோக்காகச் சொன்ன கதைதான். ஆனால் 1914ல் ரெட் ரிவர் மரக் கம்பெனி அதைப் புத்தகமாக அச்சடித்துத் தன் பலகைக்கு விளம்பரமாக ஊரெங்கும் இனாமாகக் கொடுத்தது. ஏன் அந்தப் பிரியம்? பால் பன்யன் கூலி உயர்வு கேட்க மாட்டான். அவனுக்குக் குளிராது, பேன் கடிக்காது, கட்டை விழுந்து சாகமாட்டான். முக்கியமாக, அவன் தனி ஆள். சங்கம் சேர மாட்டான்!

கேள்வி கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்கிறேன். அலைகிறவனைச் சங்கத்தில் சேர்க்க முடியும். மொழி தெரியாதவனும், ஐந்து மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்காதவனும், பனியில் புதைந்து கிடந்தவனும் சேர்ந்தான். ஆனால் அவனை வேலை நடக்கிற இடத்தில் மட்டும் தேடினால் போதாது. அவன் திரும்பி வருகிற ஊரில், வேலை இல்லாத மாதத்திலும் திறந்திருக்கிற ஒரு மன்றம் வேண்டும். கையில் ஒரு பத்திரிகை வேண்டும். முதலாளிக்கு அவசரமான நாளைப் பார்த்து எழ வேண்டும். கிடைத்ததை எழுத்தில் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மில்லில் நிற்கிறவன் "அது அவன் பிரச்னை" என்று சொல்லக் கூடாது. சாகினா ஆற்றங்கரையில் அதற்குக் கொடுத்த விலையைப் பார்த்தோம்.

மில் தோழர்களே! இந்த வாரம் நீங்கள் ஊருக்குப் போகும்போது, அறுப்புக்குப் போய்த் திரும்பிய உங்கள் அண்ணனையும் அத்தை மகனையும் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். நம் பத்திரிகையைப் படித்துக் காட்டுங்கள். நூறு பேர் வாய் திறவாமல் சாப்பிட்ட அந்தக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். பேசத் தொடங்கியபோதுதான் அவர்களுக்கு விடிவு தொடங்கியது.

மில்லும் வயலும் ஒன்றுபடட்டும்!